ஐந்து மணிக் குழாய்

எந்த ஊரில் தெருக்குழாயைக் கண்டாலும் நான் வரிசையைப் பார்ப்பதில்லை. வரிசைக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது, குழாய் கிடையாது. ஆனாலும் வாளியை இறக்குமுன் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். "ஆரைத் தேடுறியள்?" என்று மனைவி ஆரம்பத்தில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. கிழவனுக்குக் கழுத்துப் பிடிப்பு என்று முடிவு செய்துவிட்டாள். நானும் அதைத் திருத்தவில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டிக்குப் பக்கத்து நகரம் ஒன்றின் சபைக் காரியாலயத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஒரு கடைவீதி, ஒரு பள்ளிவாசல், துரைமார் வந்து தங்குகிற ஒரு வாடிவீடு, பிரக்கிராசிமாராகிய வக்கீல்கள் வசிக்கிற மேட்டுத்தெரு, சரிவின் அடியில் கீழ்த்தெரு. வானம் வெளித்திருந்தால் தூரத்தில் ஹந்தானை மலை தெரியும். எனக்கு இருபத்துநான்கு வயது. நல்ல கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அப்பா என்னை ரயிலேற்றி அனுப்பினார். சபையின் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. மாதம் ஒருமுறை கண்டிக் கச்சேரியிலிருந்து, அதாவது அரசாங்கக் காரியாலயத்திலிருந்து, காரில் வந்து கூட்டம் நடத்திவிட்டுப் போவார்.

காரியாலயத்தில் தண்ணீர்ப் பகுதி என்னுடையது. பக்கத்து மேசை சுகாதாரப் பகுதி. அங்கே இருந்தவனும் யாழ்ப்பாணத்தான்தான். இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம், ஒரே பானையில் சாப்பிட்டோம். அவனுடைய மைக்கூட்டில் என் பேனாவைத் தொட்டு எழுதுவேன். என்னுடையது எப்போதும் காய்ந்து கிடக்கும். கையை நீட்டினால் அவன் மேசை. ஆனால் என் மேசையிலிருந்து ஒரு தாள் அவன் மேசைக்குப் போக வேண்டுமென்றால், முன் அறையில் இருந்த தலைமைக் கிளாக்கரிடம் போய், பதிவுப் புத்தகத்தில் ஏறி, எண் போட்டு, அவருடைய சின்னக் கையெழுத்தோடு வர வேண்டும். அதற்கு நாலைந்து நாள் ஆகும். நேரே கொடுத்தால் குற்றம். ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டு, விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து மழை இல்லை. மலையிலிருந்த எங்கள் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடந்த கற்கள் தெரியத் தொடங்கின. நாள் முழுக்கக் குழாய்களைத் திறந்து வைத்தால் மாசி தாண்டாது என்றார் ஓவர்சியர். தெருத்தெருவாக நேரம் வைத்துத் தண்ணீர் விடுவதென்று கூட்டத்தில் முடிவாயிற்று. அந்த அட்டவணையைப் போடும் வேலை என்னிடம் வந்தது.

ஒரு வாரம் சோறு தண்ணி பாராமல் அதைப் போட்டேன். சிவப்புப் பென்சில், நீலப் பென்சில் எல்லாம் பிடித்து, அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து, ஒவ்வொரு தெருவாக யோசித்தேன். பிரக்கிராசிமார் எத்தனை மணிக்குக் குளிப்பார்கள், வாடிவீட்டில் எத்தனை மணிக்குத் துரைமாருக்கு வெந்நீர் வைக்க வேண்டும், கிளாக்கர்மார் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவார்கள் என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. கடைவீதியிலிருந்து துணிக்கடை முதலாளி ஒருவர் முன்வாசலால் வந்து கதிரையில் உட்கார்ந்தார். "தம்பி, எங்கட பக்கத்துக்கு நேரத்தக் கொஞ்சம் முன்னுக்குப் போடுங்களே. சுபஹுத் தொழுகைக்கு வுளூ எடுக்கத் தண்ணி இல்லாமப் போகும்" என்றார். "அதுக்கென்ன முதலாளி, இப்பவே மாத்திறன்" என்று, அவருக்கு வந்த தேத்தண்ணி ஆறுமுன்னே அழித்து எழுதிவிட்டேன். எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சியது காலை ஐந்திலிருந்து ஏழு வரை. அதைக் கீழ்த்தெருக் குழாய்க்குப் போட்டேன்.

கீழ்த்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவின் ஒரு பக்கம் சிறு வீடுகள்: தச்சர், வண்டிக்காரர், பேக்கரியில் வேலை செய்பவர்கள். மறு பக்கம், வாய்க்காலை ஒட்டி, சபை கட்டிய ஒற்றை அறைகளின் வரிசையான லயன். ஊரில் அப்போது எல்லா வீட்டிலும் வாளிக் கக்கூஸ்தான். விடியுமுன் அந்த வாளிகளை எடுத்துக் கொட்டிக் கழுவி வைக்கிறவர்கள் அந்த லயனில் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து சபைதான் அவர்களைக் கொண்டுவந்திருந்தது. நாங்கள் அவர்களை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அதை எழுத இன்று கை வரவில்லை.

தெருவுக்கும் லயனுக்கும் சேர்த்து ஒரே குழாய். நாள் முழுக்கத் தண்ணீர் வந்த காலத்தில், தெருக்காரர் காலையில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். லயன்காரர் வேலை முடித்து வந்து, எட்டரை ஒன்பது மணிக்கு ஆளில்லாத குழாயில் குளித்துக் குடித்துக் குடம் நிரப்புவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. அது நல்ல ஒழுங்கு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்தது. என் அட்டவணை, நீலப் பென்சிலால் ஒரே கோட்டில் அதை நிறுத்திவிட்டது.

அவர்களுக்கு வேலை நேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை. அந்த நேரப் பட்டியல் பக்கத்து மேசையில், மைக்கூட்டுக்குக் கீழே, எப்போதும் விரித்தே கிடந்தது. இரண்டு தாளையும் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. கூட்டத்தில் தலைவர் துரை அட்டவணையைத் தூக்கிப் பிடித்து, எல்லா உறுப்பினரும் பார்க்க, நேர்த்தியான வேலை என்று பாராட்டினார். அன்றிரவே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்.

முதல் நாள் காலை என் அட்டவணை எப்படி நடக்கிறதென்று பார்க்கக் குடையும் பிடித்துக்கொண்டு போனேன். மழைக்கு அல்ல, ஒரு தோரணைக்குத்தான் குடை. கீழ்த்தெருவில் பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றார்கள். சத்தமில்லை, சண்டையில்லை. சாவிக்காரன், அதாவது தெருக்குழாய்களைத் திறந்து பூட்டுகிற சிங்களவன், என்னைக் கண்டு தலையசைத்தான். வரிசைக்கு அப்பால், ஏழெட்டு முழம் தள்ளி, ஒரு பெண்பிள்ளை நின்றது. எட்டு வயது இருக்கும். கையில் மண்ணெண்ணெய்த் தகரம்; மேலே கம்பி வளைத்துப் பிடி வைத்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது என்று நினைத்தேன். அதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அது சிரிக்கவில்லை. காரியாலயத்துக்கு வந்து, 'கீழ்த்தெரு: ஒழுங்காக நடைபெறுகிறது' என்று அறிக்கை எழுதினேன். அந்த வரியை எந்த மையில் எழுதினேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து லயனிலிருந்து ஒரு பெண் வந்தாள். வாளி எடுக்கிறவர்கள் காரியாலயத்துக்குள் வரக்கூடாது. முற்றத்தில் பின் யன்னலடியில் நின்று பேச வேண்டும். அந்த யன்னல் என் மேசைக்குப் பக்கம். மணம் வரும் என்று பழைய கிளாக்கர்மார் ஒதுக்கிய இடத்தைப் புதிதாக வந்த எனக்குத் தந்திருந்தார்கள். முப்பது வயதுக்கு மேலிருக்கும் அவளுக்கு. சேலைத் தலைப்பால் கைகளைச் சுற்றி மறைத்துக்கொண்டு நின்றாள். ஏன் மறைக்கிறாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"ஐயா, கீழ்த்தெருக் கொழாய அஞ்சு மணிக்குத் தொறந்து ஏழு மணிக்குப் பூட்டிடுறாங்க. நாங்க நாலு மணிக்கே வேலைக்குப் போயிடுறோம். திரும்பி வந்தா கை கழுவக்கூடத் தண்ணி இல்லீங்க."

"பிள்ளையள் பிடிச்சு வைக்கலாம்தானே?"

"வீட்டுல ஒரு பொட்டப்புள்ளதாங்க. அது கிட்ட போனா, 'நாங்க புடிச்சப்பொறம் வா'ன்னு தள்ளி நிக்க வச்சுடுறாங்க. அவங்க முடிக்கவும் தண்ணி நிக்கவும் சரியாப் போயிடுது. எட்டு மணிக்கு மேல ஒரு அர மணி நேரம் தொறந்து விட்டாப் போதுங்க, ஐயா."

"நானாய் மாத்தேலாது. பெட்டிசம் எழுதிக்கொண்டு வா. வரி கட்டுற ஆராவது கையெழுத்து வைக்க வேணும்."

"எழுதத் தெரியாதுங்களே."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

அவள் என்னைவிட மூத்தவள். வா, போ என்றுதான் பேசினேன். பேசும்போது மூக்கின்மேல் கைலேஞ்சி வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் கோபிக்கவில்லை. "பாத்துச் செய்ங்க, ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்டிசம் வந்தது. துணிக்கடை முதலாளிதான் ஆள் பிடித்து ஆங்கிலத்தில் எழுதுவித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவள் எப்படி அவரிடம் போனாள், எத்தனை நாள் கடைப்படியின் கீழே நின்றாள், தெரியாது. அந்தத் தாளையும் அவள் கையிலிருந்து நான் வாங்கவில்லை. யன்னல் விளிம்பில் வைக்கச் சொல்லி, அவள் போனபிறகு அடிமட்டத்தால் இழுத்து எடுத்தேன்.

பிறகு அந்தத் தாள் தன் யாத்திரையைத் தொடங்கியது. 'இது தொழிலாளர் வேலை நேரம் பற்றியது. சுகாதாரப் பகுதிக்கு' என்று நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். முன் அறைக்குப் போய், எண் போட்டு, ஐந்தாம் நாள் பக்கத்து மேசைக்கு வந்தது. 'இது குழாய் நேரம் பற்றியது. தண்ணீர்ப் பகுதிக்கு' என்று அவன் எழுதி அனுப்பினான். அது திரும்ப என்னிடம் வரவும் ஒரு வாரம் ஆயிற்று. நான் மறுபடி அனுப்பினேன். இரண்டு பேர் எழுதியதும் சரி. விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலும் ஒரு பிழை பிடிக்க முடியாது.

இரவுச் சாப்பாட்டில் ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், உன்ர கீழ்த்தெருப் பெட்டிசம் இண்டைக்கும் வந்தது. நாளைக்குத் திருப்பி அனுப்புறன், வாங்கிக்கொள்."

"ஓம், அனுப்பு. என்னட்ட நல்ல பதில் ஒண்டு இருக்கு" என்றேன்.

சிரித்தோம். நன்றாக, புரையேறும் வரை சிரித்தோம். அன்று கத்தரிக்காய்ப் பொரியல். இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் துரத்தியது அந்தச் சிரிப்புத்தான். பேரப்பிள்ளைகள் சாப்பிடும்போது சேர்ந்து சிரித்தால்கூட எனக்கு அடுத்த கவளம் இறங்காது.

பங்குனியில் லயனில் காய்ச்சல் தொடங்கியது. கண்டியிலிருந்து சுகாதார வைத்தியர் வந்து பார்த்து, நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாயிட், என்றார். லயன்காரர் வாய்க்காலடியில் தோண்டிய ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள், அவர்களுக்குச் சுத்தம் தெரியவில்லை, புத்தி சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஊர் வாளியெல்லாம் கழுவுகிறவர்களுக்குச் சுத்தம் தெரியவில்லையாம். ஏன் அங்கே எடுக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. பதில் தெரிந்த நானும் சொல்லவில்லை. என்னிடம் கேட்கவில்லையே என்று இருந்துவிட்டேன். அறிவித்தல் ஒட்டச் சொன்னார்கள். தமிழில் எழுதியது நான். 'நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பருகுக' என்று எழுதினேன். பருகுக! குடியுங்கள் என்றுகூட எழுத வரவில்லை. லயனில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்திருந்தால், கொதிக்க வைக்க எந்தத் தண்ணீரை என்று கேட்டிருப்பார்கள்.

அந்த மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, என் மை வழக்கம்போல் காய்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்குக் கையை நீட்டினேன். நண்பன் எழுந்து வெளியே போயிருந்தான். மைக்கூட்டுக்குக் கீழே வேலைப் பட்டியல் கிடந்தது. அதில் ஒரு பெயருக்கு நேரே, அவனுடைய சிறிய எழுத்தில், 'இரண்டு நாள் வரவில்லை; மகள் இறப்பு' என்று இருந்தது. பெட்டிசத்தின் அடியில் பெருவிரல் அடையாளத்துக்குப் பக்கத்தில் இருந்த அதே பெயர். தாளின் தலையில், நாலு மணி முதல் எட்டு மணி வரை.

அந்த நேரத்தை அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள். யன்னலில் நின்று, தெளிவாக, தமிழில் சொன்னாள். அப்போது அது எனக்கு முறைப்பாடு. தாளில் கண்டபோதுதான் உண்மையாயிற்று. கிளாக்கர் புத்தி. என் அட்டவணையை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் நல்ல எழுத்து.

யாரிடமும் கேட்கவில்லை. தலைமைக் கிளாக்கரிடம் போகவில்லை. கூட்டத்துக்கு எழுதவில்லை. அவனுடைய மைக்கூட்டில் பேனாவைத் தொட்டு, 'ஐந்து முதல் ஏழு வரை' என்பதை வெட்டி, 'ஐந்தரை முதல் ஏழு வரை. எட்டரை முதல் ஒன்பது வரை' என்று எழுதினேன். ஒரு வரி. மை உலர எடுத்த நேரம்தான் அதற்கு ஆன நேரம்.

சாவிக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஹொந்தாய், மாத்தயா" என்று சிங்களத்தில் சரி சொன்னான், ஏதோ கடைக்குப் போகச் சொன்னதுபோல. பிறகு, போகாமல் நின்றான்.

"அந்தச் சின்னப் புள்ள செத்துப் போனது தானே, மாத்தயா. தகரத்தோட தள்ளி நிக்கிற புள்ள. நான் பூட்டுற மட்டும் நிக்கும். பொறகு கீழ போகும்."

"கீழ எங்க?"

"வாய்க்கால் பக்கம். அம்மா வந்தா கழுவத் தண்ணி வேணும் எண்டு சொல்லும். எனக்கு நேரத்துக்குப் பூட்டச் சொல்லித்தானே சட்டம், மாத்தயா. என்ன செய்ய?"

அவன் போய்விட்டான். நான் யன்னலை மூடினேன். பிறகு திறந்தேன். நான் பார்த்துச் சிரித்த பிள்ளை. அன்று காலை சாவிக்காரனைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்கு முதலில் விடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் நின்ற நிலைக்கும் குடைக்கும் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

மாற்றிய வரியைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில், கேட்க வேண்டுமென்று விரும்பினேன். விளக்கம் கேட்டால் எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று இருந்தேன். தலைமைக் கிளாக்கர் கேட்கவில்லை. துரை அடுத்த கூட்டத்தில் அட்டவணையைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். அடுத்த வருஷக் கோடைக்கும் அதையே பிரதி எடுத்தார்கள். பெட்டிசம் மட்டும் இன்னும் இரண்டு மாதம் எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே போய்வந்து, கடைசியில் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று முடிந்தது. நான்தான் அதை எழுதினேன். அதைவிட வேறு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

நேரம் மாற்றி மூன்றாம் நாள் காலை, ஒன்பதரை மணிபோல், அவள் பின் யன்னலுக்கு வந்தாள். தூரத்திலேயே கண்டுவிட்டேன். எழுந்து ஓட நினைத்தேன். திட்டப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று காத்திருந்தேன். அதற்கு நான் தயாராக இருந்தேன். கைலேஞ்சியை மேசைக்குள் வைத்துவிட்டேன்.

அவள் தலை நனைந்திருந்தது. தலைப்பு தோளில் இருந்தது. கைகள் வெளியே இருந்தன. அவற்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"தண்ணி வருதுங்க, ஐயா. குளிச்சுட்டு வர்றேன்" என்றாள். "லயன்ல எல்லாப் புள்ளைங்களும் புடிச்சு வச்சுட்டாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மகளைப் பற்றிக் கேட்க வேண்டும். அவள் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"நீங்கதான் மாத்திக் குடுத்தீங்கன்னு சாவிக்காரரு சொன்னாரு. நீங்களும் உங்க புள்ளகுட்டிகளும் நல்லா இருக்கணும், சாமி."

மழை வந்தது. நான் கண்டிக்கு மாற்றலாகிப் போனேன், பதவி உயர்ந்தேன், கலியாணம் முடித்தேன். எனக்கு ஐந்து பிள்ளைகள். ஒன்றுக்கும் ஒரு குறையில்லை. ஒரு காய்ச்சல்கூட ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. பென்ஷன் தவறாமல் வருகிறது. கண் தெரிகிறது, காது கேட்கிறது. அவள் சொன்னபடியே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.